ஜிலேபி இல்லாத இலை

என் அப்பாவுக்கு, இந்த முறை சண்டை போட மாட்டேன், பயப்படாமல் கேளுங்கள்.

உங்களைப் போல எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. போன வாரம் காலில் ஒரு புண் ஆறவில்லை என்று டாக்டரிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சாப்பாட்டைப் பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு, "வூடு எங்கம்மா இருக்குது?" என்றாள். பைபாஸ் ஓரம் என்றேன்.

வண்டிப் புகை தினமும் உள்ளே போனால் உடம்புக்குள் அழற்சி அடங்காதாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது இன்னும் அதிகமாம். சர்க்கரையும் ஏறலாம், புண்ணும் ஆறாமல் இழுக்கலாம் என்றாள். "அது மட்டுந்தான் காரணம்னு சொல்ல மாட்டேங்க. ஆனா அதுவும் ஒண்ணு." நான் அங்கேயே உடைந்து அழுதேன். புண்ணுக்குப் பயந்து அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எண்பதுகளில் நீங்கள் தர்மபுரி பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். பாப்பாரப்பட்டி வண்டி, சித்தேரி வண்டி என்று ஒவ்வொன்றையும் நின்று விசிலடித்து அனுப்புவீர்கள். காலில் புண் வந்தபோது, "நடக்காதீங்கப்பா, உக்காந்தே பாருங்க" என்று அடம்பிடித்து உங்களை டைம் கீப்பர் கூண்டுக்குள் உட்கார வைத்தது நான்தான். பஸ்களெல்லாம் அந்தக் கூண்டுக்குத்தான் முதுகைக் காட்டி நிற்கும். எஞ்சினை அணைக்கச் சொன்னால், "நிறுத்தினா அப்பறம் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணுங்க" என்பார்கள் டிரைவர்கள். சாயங்காலம் உங்கள் கைக்குட்டையை அலசினால் தண்ணீர் கறுப்பாக வரும்.

அந்தக் கறுப்பு என் கண்ணில் படவேயில்லை. பிளஸ் டூவில் வேதியியல் படித்த திமிர் எனக்கு. தினமும் காலையில் சோதனைக் குழாயில் நீல மருந்து ஊற்றி, உங்கள் சிறுநீரைச் சில சொட்டு விட்டு, சூடுபண்ணி, நிறம் பார்ப்பேன். பச்சை என்றால் பரவாயில்லை. செங்கல் நிறம் என்றால் சர்க்கரை எக்கச்சக்கம். அன்றைக்கெல்லாம் உங்கள் சட்டைப்பையை முகர்ந்து பார்ப்பேன்.

"ஜிலேபி தின்னீங்களா?"

"இல்ல கண்ணு."

"பொய் சொல்லாதீங்க."

பஸ் நிலைய மிட்டாய்க் கடைக்காரரிடம் நாலு பேர் முன்னால் சண்டைக்கே போனேன். "உங்கப்பாரு இங்க சர்க்கரை போடாத டீ மட்டுந்தாம்மா குடிப்பாரு" என்றார் அவர். இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

பிறகு பஸ் ஸ்ட்ரைக் வந்தது. பல நாள் ஒரு வண்டியும் ஓடவில்லை. மிட்டாய்க் கடையும் பூட்டிக் கிடந்தது. நீங்கள் மட்டும் தினமும் போய்க் காலிக் கூண்டில் உட்கார்ந்துவிட்டு வந்தீர்கள். உங்கள் இருமல் குறைந்தது, குழாயில் பச்சை வந்தது. "பாத்தீங்களா, கடையை மூடினதும் பச்சை!" என்று குதித்தேன். நீங்கள் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"பஸ்ஸுந்தான் ஓடல கண்ணு."

நான் சிரித்தேன், அப்பா.

ஸ்ட்ரைக் முடிந்ததும் மறுபடி செங்கல் நிறம். புண் கறுத்தது. சேலத்துக்குக் கொண்டுபோய்க் காலை எடுத்தார்கள். அதற்குமேல் உங்கள் உடம்பு தாங்கவில்லை. கடைசி நாளில் பார்க்க வந்த ஒருவர் பிஸ்கட் நீட்டினார். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று கையாட்டினீர்கள். "இப்பவாச்சும் நம்புறியா கண்ணு?" என்று கேட்டீர்கள். "பேசாம தூங்குங்கப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு 'ம்' சொல்லியிருந்தால் என்ன?

இன்னொரு கொடுமையும் கேளுங்கள். ஆடி அமாவாசை தவறாமல் உங்கள் படையல் இலையில் ஜிலேபி வைக்கிறோம். போனவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமே. "உசிரோட இருக்கையில திருட்டுத்தனமா தின்னாரு, இப்பவாச்சும் நிம்மதியா திங்கட்டும்" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். உறவெல்லாம் உங்களை வாயைக் கட்டத் தெரியாதவர் என்றே பேசுகிறது. எல்லோரையும் அப்படி நம்ப வைத்தவள் நான்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன், "அவரு திங்கலம்மா" என்று. எண்பதைத் தாண்டியவள், "நானும் ஒரு நாளும் பாக்கல. நீ சொன்னியேன்னு இருந்துட்டேன்" என்றாள்.

வரும் அமாவாசைக்கு உறவெல்லாம் கூடும். இலையில் ஜிலேபி இருக்காது. ஏன் என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் என் வாயாலேயே சொல்வேன், இது சத்தியம். சர்க்கரை போடாத டீ ஒரு டம்ளர் வைப்பேன். வந்து குடியுங்கள், அப்பா. சட்டைப்பையை முகர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களை நம்புகிற மகள்,
செல்வி