ஏழுமலை பையில் கல்

அமிர்தம்,

இட ஒதுக்கீட்டு மறியலில் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் இல்லை. உன் தம்பி ஏழுமலைக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கச் சைக்கிளில் சின்னசேலம் போகிறேன்.

அவனுக்குச் சின்னத் தட்டில் சோறு போடு. முப்பத்திரண்டு வயதானாலும் வயிறு நிறைந்ததா என்று அவன் மூளைக்குச் சேதி போவதில்லை. தட்டு காலியானால்தான் நிறுத்துவான். மறியல்காரர்கள் நடுரோட்டில் பொங்கிப் போடுகிறார்கள். நேற்று அவன் மூன்று முறை போய் உட்கார்ந்து மறியல் செய்தான், மூன்று முறையும் தட்டோடு.

"என் தம்பி இன்னா மல்லாட்டை மூட்டையா, வாரா வாரம் மண்டியில எடை போட?" என்று கத்தினாய். நீ சொன்னது சரி. நேற்று நான் எடை போடும் கடலை மண்டி மெஷினில் ஏற்றியபோது அவன் டவுசர் பையில் கல் இருந்தது. ஏன்டா என்றேன். "எடை கம்மியான மூட்டையத் திருப்பி அனுப்பிடுறீங்களே மாமா" என்றான்.

டாக்டர் சொன்னபடி ஆறு மாதத்தில் அவன் எடையை நான்கு கிலோ குறைத்துவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கிலோவுக்கும் அவன் பயந்திருக்கிறான்.

இனி மெஷின் வேண்டாம், அரைஞாண் கயிறு போதும். இடுப்பு இளைத்தால் கயிறு தளரும். தளர்ந்த அளவுக்கு ஒரு முடிச்சு போடு. அவனுக்கு முடிச்சு கூடும், டாக்டருக்கு இடுப்பு குறையும்.

அவனை அடைத்துவைக்க மனமில்லாமல் கொல்லைக் கதவைப் பூட்டவில்லை.

இன்னொன்று. "எத்தினி கிலோ வந்தா என்னை அனுப்புவீங்க?" என்று காலையில் கேட்டான். அப்படி ஒரு எடையே இல்லை என்றேன். எடை போடுகிறவன் சொல்வதை அவன் நம்பவில்லை. நீ சொல், சோறு போடுவதற்கு முன்பே.