அம்மா கட்டிய வால்

என் வாயாடி மகளுக்கு,

பெரிய ரிமோட் விமானத்தின் வால் முடிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மூன்று மாதமாகத் தொடாமல் கிடந்ததே, அதேதான். கட்டியது உன் அம்மா என்றால் நம்புவாயா? முப்பது வருஷமாக என் அறைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள், ஒருநாள் உள்ளே வந்து, "மோட்டுவளையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காதீங்க. நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்றாள்.

சொன்னேன். பால்சா என்ற லேசான மரக் குச்சிகளை வெட்டினாள், ஒட்டினாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். வால் கனத்தால் விமானம் நிலைகொள்ளாது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், சமையலறைத் தராசு மேசைக்கு வந்துவிட்டது. "இடது பக்கம் ரெண்டு கிராம் கூட இருக்கு" என்று மறுபடி தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். மேலுறையைச் சூடுகாட்டி ஒரு சுருக்கமில்லாமல் ஒட்டியதும் அவள்தான். என் ஆயுசில் எனக்கு அப்படி வந்ததில்லை.

இன்று வாலின் அசையும் பாகத்தைக் கீலில் மாட்டும் வேலை. ஊசி போன்ற கம்பியைத் துளைக்குள் விடவேண்டும். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போன நேரத்தில் நானே செருகிவிட்டேன். திரும்பி வந்தவள் விழித்தாள்.

"யாரு மாட்டினது?"

"நான்தான்."

"எந்தக் கையால?"

இத்தனை மாதமாக மரத்துக் கிடந்த வலது கையைக் காட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

இதுவரை நான் சொல்லச் சொல்ல அம்மாதான் உனக்கு எழுதினாள். இது நானே எழுதியது. எழுத்து கோணல்மாணல் என்று ஒரு வார்த்தை சொன்னாயோ, தெரியும் சேதி!

உன் அப்பா