பிடியாணைப் பவளத்தின் வெளிவராத வழக்கு

ஓஸ்டர்முண்டிகன்
22.01.2019

அன்பு மருமகள் கோபிஷாவுக்கு, ஐரோப்பாக் கண்டத்தின் ஒப்பற்ற எழுத்தாளனும், டாவோஸ் மலையில் ஒரே பருவத்தில் ஒன்பது லட்சம் கோப்பை கழுவிய வீரனும், உன் தாயின் ஒரே தம்பியுமாகிய மாமா எழுதுவது. ஓக்லண்டில் உனக்கு உடம்பும் மனமும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று இங்குள்ள கோயில்கள் எல்லாவற்றிலும், என்னோடு வேலை செய்யும் திரேசாவின் மாதாவிடமும் சேர்த்தே, விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இப்போது உனக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். இதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் உறுதி தருகிறேன். நீயும் நம்பவேண்டாம். ஆனால் ஒரே இருப்பில் வாசித்து முடி.

வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் கைத்தொலைபேசியை உன் அம்மா பறித்துத் தன் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். அதோடு விட்டாளா, என் வலக்கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து, ஒரு சங்கதியைப் பிள்ளைக்கு என் வாயால் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிவிட்டாள். மாமா சத்தியம் தவறாதவன். ஆகவே அந்தச் சங்கதியை வாயால் சொல்லமாட்டேன், கையால் ஒரு கதை எழுதுவேன். சத்தியத்தில் கையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், ஓடுகிற உலர்த்தும் இயந்திரத்தின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து அங்கங்கே நடுங்கினால் அது இயந்திரத்தின் குற்றம்.

பிடியாணைப் பவளத்தை உனக்குத் தெரியும். குணசேகரம் அண்ணையின் மாதப் பத்திரிகையில் 2010இல் தொடங்கி ஒன்பது வருடமாக நான் எழுதும் தொடர். சுவிற்சர்லாந்தின் முதலாவதும் கடைசியுமான பெண் ஆள்பிடிகாரி. கோர்ட் தவணையோ, பல் டொக்டர் குறித்துத் தரும் டெர்மினோ, சொன்ன நாளில் முகம் காட்டாமல் ஓடுகிறவர்களைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பது அவள் தொழில். சேலைக்கு மேல் பனிக்கோட், கையில் சில்லு வைத்த சந்தைப் பை, பிடிக்கும் தலைக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் சன்மானம், அதுவும் ஊரிலிருந்து விமானத்தில் வந்த காய் என்றால்தான் வழக்கை எடுப்பாள். கலியாணப் பதிவுக்குப் பயந்து டாவோஸ் ஹோட்டலின் கோப்பை கழுவும் இயந்திரத்துக்குள் ஒளிந்த மாப்பிள்ளையை அவள் கழுவித் துடைத்து மினுமினுக்கப் பெண்வீட்டாரிடம் கொடுத்த வழக்கை வாசித்துச் சிரித்ததில், என் கூட்டாளி சிவநேசன் ரயிலால் இறங்க மறந்து தூன் நகரம் வரை போய்விட்டான். நீ போன பிறகு வந்தவற்றில் சிறந்தது வில் நகர வழக்கு. குடியுரிமை நேர்காணல் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, ராகு காலம் என்று சொல்லி அந்த மனுசன் கட்டிலுக்குக் கீழே படுத்துவிட்டான். பவளம் சுவரில் கிடந்த யாழ்ப்பாணத்துக் கலண்டரைக் கழற்றி அவன் முகத்துக்கு நேரே பிடித்து, உது ஊர்ச் சூரியனுக்குப் போட்ட கணக்கடா, வில்லிலை மார்கழியிலை சூரியன் எழும்பவே எட்டு மணியாகுது, உன்ரை ராகு இன்னும் பல்லு மினுக்கேல்லை, இஞ்சை அவர் வர ஒன்பது தாண்டும், அதுக்குள்ளை கையெழுத்தை வைச்சுப்போட்டு வா என்றாள். இந்தச் சூரியக் கணக்கை எனக்குப் போட்டுத் தந்தது யார் என்று உனக்குத் தெரியும். பவளத்தின் வாயையும் நடையையும் நான் யாரிடம் களவெடுத்தேன் என்பதும் தெரியும். முப்பது வருடமாக இந்த ஊர்த் தமிழருக்கெல்லாம் இந்த நாட்டு டொச் பாஷையை மொழிபெயர்த்து, டெர்மினுக்குப் போகப் பஞ்சிப்பட்டவர்களைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் ஒருத்திதானே.

இனி வெளிவராத வழக்கு. போன ஐப்பசியில் பவளத்துக்கு வயிற்றில் ஒரு வலி. துணைக்குத் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இந்தத் தம்பி தொடரில் வழக்கமாக வரும் கோமாளிதான், பவளத்தின் பையைக் காவுகிறவன், முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் கோப்பை கழுவும் அளவுக்கு மட்டுமே டொச் தெரிந்தவன், மிச்சத்தை எல்லாம் அக்காவின் வாய் வழியாகத்தான் விளங்கிக்கொள்கிறவன். டொக்டர் படங்களை வெளிச்சத்தில் காட்டி ஏழு நிமிடம் கதைத்தார். என்னவாம் என்று தம்பி கேட்டான். சின்னப் புண்ணாம், குளிசை காணுமாம் என்றாள் பவளம். ஏழு நிமிசத்துக்கு நாலே நாலு சொல்லோ என்று கேட்டதற்கு, டொச்சிலை எல்லாத்தையும் இழுத்துத்தான் சொல்லுவினம், நீ பையைத் தூக்கு என்றாள். எழும்பும்போது டொக்டர் தம்பியின் தோளில் கையை வைத்து ஒருமுறை அழுத்தினார். சாதாரண வயிற்றுப் புண்ணுக்கு எந்த டொக்டரும் தம்பியின் தோளைப் பிடிக்கமாட்டார் என்பது துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கு விளங்கியிருக்கவேண்டும். அந்த மூளைசாலிக்கு விளங்கவில்லை. நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டு பையைத் தூக்கினான்.

கார்த்திகையில் ஒரு டெர்மின், பவளம் போகவில்லை, பஸ் பிந்திவிட்டது என்றாள். சுவிஸில் பஸ் பிந்தியது என்று ஒருத்தி சொல்ல, அதையும் அந்த மூடன் நம்பினான். நம்பியது போதாதென்று மார்கழி இதழில் பவளத்தின் வயிற்றுப் புண்ணை வைத்தே ஒரு வழக்கு எழுதினான், உறைப்புக் கறியைக் கைது செய்யப் புறப்படுகிறாள் என்று. ஊர் முழுக்கச் சிரித்தது. பவளமும் சிரித்தாள், சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அரைமணித்தியாலம் வெளியே வரவில்லை, அவன் கதவுக்கு வெளியே நின்று எந்தப் பகிடி பிடித்தது, கறியோ, கைவிலங்கோ என்று கேட்டுக்கொண்டிருந்தான். இந்த ஒரு இடத்தை மட்டும் அவன் எத்தனை முறை அடித்து எழுதினாலும் மாறுகிறதில்லை.

மார்கழி நடுவில் அடுத்த டெர்மின், திங்கட்கிழமை காலை எட்டரை. பவளம் கோட்டைக் கழற்றிக் கொளுவிவிட்டு, இண்டைக்கு ராகு காலம், போகேலாது என்றாள். அப்போதுதான் தம்பியின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாகவே மேசைக்குப் போயிற்று. ஊர்க் கலண்டரின் ராகுவை வில்லில் வைத்து விரட்டியடித்தவளே அதற்குப் பின்னால் ஒளிகிறாள் என்றால், ஓடுகிற ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அவள் குளிக்கும் நேரம் பார்த்து அலுமாரியில் சேலைக்குக் கீழிருந்த ஆஸ்பத்திரிக் கடிதங்களை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்து, சலவைக்கூடத்தில் திரேசாவிடம் கொடுத்தான். அவளுக்கு டொச் நல்லாகத் தெரியும். திரேசா ஒருமுறை வாசித்தாள், மடித்தாள், ஒரு இயந்திரத்தை நிரப்பி மூடிவிட்டு வந்து இன்னொருமுறை வாசித்தாள். அண்ணை, இது புண் இல்லை, கணையத்திலை கான்சர், ஈரலுக்கும் பரவிப்போட்டுது, மருந்து ஏத்தினாக் கொஞ்ச மாசம் கூடக் கிடைக்கும் எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டிருக்கினம், அக்கா ரெண்டு தரமும் போகேல்லை என்றாள். தம்பி அன்றைக்கு எண்ணூறு கிலோ துணி மடித்தான் என்பது சலவைக்கூட வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. எப்படி மடித்தான் என்பது அவனுக்கு நினைவில்லை.

வீட்டுக்குப் போய்க் கடிதங்களை மேசையில் வைத்தான். பவளம் கோபிக்கவில்லை. இவ்வளவு நாள் எடுத்துதோ உனக்கு, ஒன்பது வருசம் துப்பறியும் கதை எழுதி என்ன பிரயோசனம் என்றாள். ஏன் மறைத்தாய் என்றதற்கு, உனக்குச் சொன்னால் பின்னேரம் ஓக்லண்டுக்குத் தெரியும் என்றாள். பவளத்துக்கு உலகத்தின் கடைசித் தீவில், மனிதரைவிட ஆடுகள் கூடிய நாட்டில் ஒரு மகள் இருக்கிறாள் என்று இந்தக் கதைக்காக வைத்துக்கொள். அந்த மகள் ஆறு வருடத்துக்கு முன் தகப்பன் படுத்தபோது படிப்பை விட்டுவிட்டு இரண்டு வருடம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவள். இப்போது பங்குனியில் ஆய்வேடு கொடுக்கவேண்டும். அவள் ஒருக்காச் சுமந்தது காணும், ரெண்டாம் தரமும் என்னாலை அவளின்ரை படிப்புக் குழம்பக்கூடாது, குடுத்து முடிய நானே சொல்லுறன் என்று பவளம் சொன்னாள். பங்குனி வரைக்கும் இருப்பியோ என்று தம்பி கேட்கவில்லை. அப்போதுதான் கையைப் பிடித்துத் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அது முடிய, உன்ரை கதையிலை பவளத்தைச் சாக்காட்டிப்போடாதை, ரயிலிலை ஏத்தி எங்கையாவது அனுப்பிவிடு, சனத்துக்குச் சிரிக்க ஒண்டு வேணும் என்றாள்.

தை பிறந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாயிற்று. நான்காம் மாடியில் ஒரு கட்டில். இந்த முறை டொக்டரிடம் கேட்கத் தம்பி தனியாகப் போனான், மொழிபெயர்க்க ஆளில்லாமல். எவ்வளவு காலம் என்று தனக்குத் தெரிந்த டொச்சில் கேட்டான். டொக்டர் சுவர்க் கலண்டருக்கு முன்னால் அவனைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தாளைத் தூக்கி, மாசி மாதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மகள் ஞாயிறுகளில் வீடியோவில் அழைப்பு எடுக்கும்போது கமரா பழுது என்று பவளம் மூன்று கிழமையாகச் சொல்கிறாள். கமராவில் ஒரு பழுதுமில்லை. அவள் பாதியாகிப் போனாள், அதைக் காட்டக்கூடாது என்பதற்காகத்தான். குரலை மட்டும் எங்கிருந்தோ பழையபடி எடுத்துவருகிறாள், பத்து நிமிடம் கலகலவென்று கதைத்துவிட்டுப் பிறகு இரண்டு மணித்தியாலம் கண்ணை மூடிக் கிடக்கிறாள். முந்தநாள் தாதி ஊசி போட வந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்கு வந்த வயசான தமிழ் மனுசிக்கு டொச் தெரியாதென்று படுத்தபடியே மொழிபெயர்த்துக் கொடுத்தாள், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். தம்பி மாடிக்குக் கீழே, அதே கட்டிடத்தில், கட்டில் விரிப்புத் தோய்க்கிறான். ஒரு நாளைக்கு ஆயிரம் விரிப்பு வரும், எது அவளுடையது என்று தெரியாததால் ஆயிரத்தையும் கவனமாகத் தோய்க்கிறான்.

நூறு வழக்குக்கு மேல் எழுதியவன் இந்த ஒன்றை முடிக்கத் தெரியாமல் நிற்கிறேன். பவளம் சொன்னபடி மகளை இருக்கவிட்டால் ஆய்வேடு முடியும், மகள் ஓடிவந்து கதவைத் திறக்க அங்கே வேறு யாரோ படுத்திருப்பார்கள். மகளுக்குச் சொன்னால் அக்கா என் முகத்தைப் பார்க்கமாட்டாள். இரண்டையும் ஒரு கிழமை தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாலும் பரவாயில்லை, உன் முகத்தைப் பார்க்கட்டும். தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்த அந்த இரண்டு வருடத்தைப் பற்றி நீ ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. உன் பேராசிரியர் தவணையைத் தள்ளித் தருவார், கேட்டுப் பார், தரமாட்டேன் என்றால் அவர் பெயரை எனக்கு அனுப்பு, அடுத்த இதழில் அவரை ஆடுகளுக்கு நடுவில் வைத்துப் பிடிக்கிறேன்.

பிள்ளை, நீ எங்கே நின்றாலும் உன் அப்பா சந்திரகுமாரின் நல்ல மனசும் உன் அம்மாவின் தைரியமும் உனக்குத் துணை நிற்கவேண்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கவேண்டும், மாமாவின் ஆயுளில் மிச்சமிருப்பதும் உனக்குச் சேரவேண்டும். இங்கே பனி முழங்கால் வரை, அதாவது உண்மையில் கணுக்கால் வரை, ஆகவே தடித்த கோட்டைப் பெட்டிக்குள் வைக்காதே, கையில் கொண்டு வா. விமான நிலையத்துக்குத் திரேசாவின் காரில் வருவேன், எந்த நாள் என்று அவளுடைய நம்பருக்கு அனுப்பு, என்னுடையது தலையணைக்குக் கீழே. அம்மாவிடம் நீயாக நினைத்து வந்ததாகச் சொல். நம்பமாட்டாள், ஆனாலும் சொல்.

மற்றபடி நான் வாக்குக் கொடுத்தது வாக்குத்தான். பவளம் என்று ஒருத்தி இல்லை, அவளுக்கு ஒரு மூடத் தம்பியும் இல்லை, எல்லாம் மாமாவின் வழக்கமான புளுகு, யாரிடமும் இதை உண்மை என்று நான் சொல்லவில்லை. ஒரேயொரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. டொக்டர் கலண்டரில் விரல் வைத்த இடம்.

உன் மாமா
சிறீதரன்