இடுப்பில் அலறிய ரேடியோ

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம் என்று இன்றைக்கு எழுத முடிகிறது, போன வாரம் செவ்வாய்க்கிழமை எழுத உட்கார்ந்திருந்தால் இந்த வரி வந்திருக்காது. அலாஸ்கா குளிரில் நீயும் உன் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் அம்மா "ஒண்ணுமில்லடி, வயித்துக் கோளாறு" என்றாளே, அது பொய். அவளுக்கு வந்தது மாரடைப்பு. வீட்டுக்கு வந்துவிட்டாள், பயப்படாதே, முழுவதும் படி.

அன்று காலை முட்டை பொரித்துக்கொண்டிருந்தவள் தாடை வலிக்கிறது என்றாள், முதுகில் மூட்டை ஏற்றின மாதிரி இருக்கிறது என்றாள், நெற்றியெல்லாம் வியர்வை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்துக்கு ஹில்டா கொண்டுவந்த மீன் பதார்த்தத்தின் மேல் பழியைப் போட்டாள், இரண்டு நாள் கழித்தா என்று நானும் கேட்கவில்லை. உன் அப்பனின் புத்திசாலித்தனத்தைக் கேள். பத்தொன்பது வருஷமாக ஊர் ஆம்புலன்ஸை ஓட்டுகிறேன், சம்பளமில்லாத உத்தியோகம். ஒவ்வொரு மார்ச்சிலும் பள்ளிக்கூட ஹாலில் குச்சியால் படத்தைத் தொட்டுக் காட்டி, பெண்களுக்கு மாரடைப்பு தாடையில் வரும், முதுகில் வரும், குமட்டலாக வரும் என்று பாடம் எடுப்பவன் நான்தான். குச்சி மட்டும்தான் பாடம் கேட்டது போலிருக்கிறது. சோயா அறுப்பு நடக்கிறது, புதன்கிழமை மழை என்று சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் என்னோடு வண்டியில் வருகிற ட்வைட்டும் மற்ற இருவரும் அறுவடை மெஷினை விட்டு இறங்கி ஓடி வரவேண்டும். அறுப்பு நேரத்தில் நம் ஊரில் சாகிறவன்கூட மழை வரட்டும் என்று காத்திருப்பான், உனக்குத் தெரியாததா. அம்மாவும் "பல்லு வலிக்கு ஆம்புலன்ஸா, ஊரே சிரிக்கும், அவங்கள இறக்காத" என்றாள். எமர்ஜென்சி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி நாற்பது மைல், மளிகைக் கடைக்குப் பக்கத்தில் போன வருஷம் திறந்த அர்ஜென்ட் கேர் ஆறு நிமிஷம். சளிக்கும் சுளுக்குக்கும் போகிற இடம். கிட்ட இருக்கிறதே என்று மனசைச் சமாதானப்படுத்தி அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே எங்களுக்குப் பின்னால் கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறிய ஒருவர் வந்தார். உன் அம்மா "பாவம், ரத்தம் வருது, அவரை முதல்ல பாருங்க" என்று தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டாள், நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அரைமணி போயிற்று. பிறகு எட்டிப் பார்த்த நர்ஸ் அவள் முகத்தின் நிறத்தைப் பார்த்ததும் உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஈசிஜி எடுத்தாள், காகிதம் பாதி வருவதற்குள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். உடனே என் இடுப்பில் இருந்த ஆம்புலன்ஸ் ரேடியோ அலறியது. அறுபத்தொரு வயசுப் பெண், மாரடைப்பு, அர்ஜென்ட் கேருக்கு வண்டி வேண்டும் என்று. பழக்க தோஷம், நான் பட்டனை அழுத்தி "வெர்லின் பேசறேன், கிளம்பிட்டேன்" என்றேன். கட்டுப்பாட்டு அறையில் இருந்த லோர்னா "வெர்லின், நீ கிளம்ப வேணாம், அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காரு" என்றாள்.

ட்வைட் ஒன்பது நிமிஷத்தில் வந்தான், தலையெல்லாம் சோயாத் தூசி, மெஷினை அணைக்காமலே வந்திருக்கிறான். நாற்பது மைலும் அவனே ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் அவளை உள்ளே அனுப்பிவிட்டு, "ஊர்ல எல்லார் வீட்டுக்கும் நீ வந்தேடா. உன் வீட்டுக்கு நாங்க வரக்கூடாதா? எங்களை என்னன்னு நெனச்சே" என்றான். அடைத்த ரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர், நேராகக் கூப்பிட்டிருந்தால் என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாங்கள் தொலைத்த முக்கால் மணியில் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, அது திரும்பாது. இனி அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நீ வரும்போது பார்ப்பாய். புதன்கிழமை சொன்னபடி மழை வந்தது, ட்வைட்டின் அறுபது ஏக்கர் இன்னும் நனைந்து சாய்ந்து கிடக்கிறது.

எனக்குச் சரியாகத் தூக்கமில்லை, அலுப்பாக இருக்கிறது. அம்மா சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முட்டையைக் கருக்குகிறேன் என்று திட்டுகிறாள், அதைக் கேட்டுக்கொண்டே கருக்குகிறேன். இந்த மார்ச்சில் வகுப்பு எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று ட்வைட்டிடம் சொன்னேன். "நீதான் எடுக்கணும். படமும் வேணாம் குச்சியும் வேணாம், நடந்ததை அப்படியே சொல்லு" என்றான். அதுதான் உனக்கு முதலில் சொல்லிப் பார்க்கிறேன். முறிந்த கணுக்காலோடு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனவள் நீ, அம்மாவின் பிள்ளை. காய்ச்சல், காது வலி, தையல் என்றால் அர்ஜென்ட் கேருக்குப் போ. நெஞ்சு வலி, தாடை வலி, மூச்சுத் திணறல், திடீரென்று நாக்குக் குழறல், இவற்றில் ஒன்று வந்தாலும் நீயாகக் காரை எடுக்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. யாருடைய வேலை கெடும் என்று பார்க்காதே, அவர்கள் வரத்தான் இருக்கிறார்கள்.

கர்த்தர் உனக்குத் துணையிருக்கட்டும், பூனைக்கும் சேர்த்துத்தான். காருக்குக் குளிர்கால டயரை மாட்டிவிடு. அம்மாவிடம் பேசும்போது வயிறு எப்படி இருக்கிறது என்றே கேள், அவளாகச் சொல்லட்டும்.

இப்படிக்கு, உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
அப்பா வெர்லின்