நான் விழுங்கிய வசனம்

ஒனிஹங்கா,
14.08.1996

அன்புள்ள அண்ணா,

இந்தத் தாளை ஒருவருக்கும் காட்டாதீர்கள், வாசித்ததும் கிழித்துவிடுங்கள், அண்ணியிடம்கூட மூச்சு விடாதீர்கள். இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் மூன்று விரல்களைத் தவிர. உறையில் இருக்கும் மற்றத் தாள் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. கை கொஞ்சம் களைப்பு, அதனால் தங்கச்சி எழுதுகிறாள், நீ இரவில் தயிர் சாப்பிடாதே என்றெல்லாம் அதில் இருக்கும். தயிரைப் பற்றியது மட்டும்தான் உண்மை. போன மாதம் அம்மாவின் வலது மணிக்கட்டில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்களே, அப்போது நரம்பும் பழுதாகிவிட்டது. பெருவிரலும் அடுத்த இரண்டும் விறைத்துப் போய்விட்டன. பேனா நிற்பதில்லை, பிஸ்கட் பெட்டி அடைக்கும் வேலைக்கும் போவதில்லை. நேற்று விரலைத் தோசைக் கல்லில் வைத்துவிட்டு, என்ன மணக்குது என்று என்னைக் கேட்டார். அப்பா காலையில் ஊசியோடு வந்து குத்திப் பார்க்கிறார். அம்மா கத்தினால் சந்தோஷப்படுவார், அந்தச் சந்தோஷம் இன்னும் கிடைக்கவில்லை.

சற்குணம் மாமா வந்து, "அமெரிக்காவெண்டால் இந்தக் கைக்கு ஒரு வீடே வாங்கலாம், அத்தான்" என்றார். "அப்ப மற்றக் கையையும் குடுத்து ரெண்டாய் வாங்குவம்" என்று அம்மா குசினியிலிருந்து சொன்னார். இந்த நாட்டில் இதற்கெல்லாம் டாக்டர் மேல் வழக்குப் போட முடியாதாம். நட்டஈடு கேட்டு ஏசிசி என்ற அரசாங்க அலுவலகத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டும். டாக்டரின் பிழையா, எப்போதாவது ஒருவருக்கு நடக்கிற விபத்தா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அப்பாவுக்கு விபத்து வேண்டாம், டாக்டர்தான் வேண்டும். "நரம்பைப் பற்றி ஒருத்தரும் எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை எண்டு வடிவா இங்கிலிஷில எழுது பிள்ளை, நீதானே அங்க மொழிபெயர்த்தனி, கீழ கையெழுத்தும் வை" என்கிறார். நாளை காலை தபாலில் போட வேண்டுமாம்.

அண்ணா, டாக்டர் சொன்னார். நரம்பு பழுதாகலாம், விரல் விறைக்கலாம், அரிதுதான், ஆனாலும் யோசியுங்கள் என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னவாம் பிள்ளை?" என்றார். மூன்றரைக்கு எனக்கு நெட்போல் விளையாட்டு, அவசரம். "ஒண்டுமில்லையாம், கொப்புளம் கீறுற மாதிரியாம், கையெழுத்தை வையுங்கோ" என்றேன். வைத்தார். அந்தக் கையால் அம்மா வைத்த கடைசிக் கையெழுத்து அதுதான். நான் எப்போதும் இப்படித்தான் மொழிபெயர்ப்பேன், பாதியை விழுங்கிவிட்டு. கணக்கில் கவனமே இல்லை என்று டீச்சர் சொன்னதைக் கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கிறேன். அதனால் ஒருவருடைய விரலும் விறைக்கவில்லை.

நான் கையெழுத்து வைத்தால் அந்த டாக்டருக்கு வேலை போகலாம். பதினைந்து வயதுக்காரி என்றும் பாராமல் எனக்கு லொலிபொப் தந்த மனிதர். வைக்காவிட்டால் ஏன் என்று அப்பா கேட்பார். நான் என்ன செய்ய? உடனே எழுதுங்கள். ஐயோ, இந்தக் கடிதம் லண்டனுக்கு வரவே பத்து நாளாகும், படிவமோ நாளைக்கு. என் மூளையும் விறைத்துவிட்டது.

கதவு தட்டும் சத்தம். அப்பா என்றால் இடிப்பார். இது மெதுவான தட்டு, இடது கை. "பிள்ளை, நித்திரை கொள்ளேல்லையோ? இந்தப் பின்னலை ஒருக்கா அவிட்டு விடு" என்கிறார் அம்மா. படிவம் என் மேசையில்தான் இருக்கிறது. இந்த முறை டாக்டர் சொன்னதில் ஒரு வசனமும் விடாமல் அம்மாவுக்குச் சொல்லப் போகிறேன்.