பழைய அட்டையில் புது ஆமை

4 செப்டம்பர் 1961, திங்கள்

மைனா, சிரிக்காதீர்கள். உங்கள் பெண்டாட்டி மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாள்.

மைனா என்பது வீட்டுக்குள் மட்டும். வெளியே எப்போதும் "ஏங்க"தான். ஊருக்கு நீங்கள் ஆண்டியப்பன், தேயிலைத் தோட்டத் துரையின் மிருகத் தோட்டத்தில் மான் பார்க்கிற ஆள். வாய் ஓயாமல் பேசுவதால் எனக்கு மைனா. ஆடி மாசத்திலிருந்து அந்தச் சத்தம் இல்லை. அதனால் நானே எழுதிப் பேசிக்கொள்கிறேன். பைத்தியம் என்று யாரும் சொல்ல முடியாது, இது வீட்டுப் பாடம்.

சூசைரட்ணம் மாஸ்டர் கொழும்புப் பக்கமிருந்து வந்திருக்கிறார். மிருகங்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைக்க எங்களைப் பழக்கத் துரை வரவழைத்த ஆள். மூன்று பேர்தான் வகுப்பு. பறவையும் குரங்கும் பார்க்கிற சின்னராசா, மீன் தொட்டி பார்க்கிற ஐவி, உங்களுக்குப் பிறகு மானும் ஆமையும் முள்ளம்பன்றியும் பார்க்கிற நான். ஒவ்வொரு உயிருக்கும் ஓர் அட்டை. என்ன தின்றது, எவ்வளவு எடை, என்ன நோய், எல்லாம் அதில் ஏற வேண்டும்.

"எத்தனாம் வகுப்பும்மா?" என்றார்.

"மூணுங்க."

"எழுத்து ஞாபகம் இருக்கா?"

"எனக்கு இருக்குங்க. கைக்குத்தான் இல்ல."

அப்படியானால் தினமும் வீட்டில் எதையாவது எழுதுங்கள் என்று இந்தக் கொப்பியைக் கொடுத்தார். மாசக் கடைசியில் யார் தேறினார்கள் என்று துரையிடம் சொல்வாராம். தேறாவிட்டால் எனக்கு மறுபடி மலை, கொழுந்துக்கூடை. கூடைக்கு நான் பயப்படவில்லை. இந்த அறை போய்விடும். மான் பட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் சுண்ணாம்பு அடித்த அறை. அதுதான் பயம்.

5 செப்டம்பர்

பென்சில் முனை உடைந்தது. பல்லால் கூராக்கினேன். நாக்கு கறுப்பு. இன்றைக்குக் கற்றது இவ்வளவுதான்.

7 செப்டம்பர்

மானத்தை வாங்கிக்கொண்டேன், நானே என் கையால்.

மாஸ்டர் என் அட்டைகளை எடுத்துப் பார்த்தார். திருப்பினார். மறுபடி பார்த்தார். "இது என்னம்மா, முள்ளம்பன்னிக்கு அரைப்பேர்னு எழுதியிருக்கு?"

"பாதி கிழங்குதாங்க தின்னுச்சு. அதான் அரைப்பேர்."

"மானுக்கு?"

"முழுப்பேருங்க. நல்லாத் தின்னுச்சு."

மலையில் கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தானே போடுவார்? பாதி நாள் சம்பளம். எனக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். சின்னராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "மதினி, மாசக் கடைசியில முள்ளம்பன்னியையும் சம்பள வரிசையில நிப்பாட்டுங்க. பக்கத்துல ஒருத்தனும் நிக்க மாட்டான்."

மாஸ்டரும் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதக் கூடாதாம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டுமாம். என்ன போட்டோம், எவ்வளவு மிச்சம், சாணம் எப்படி இருந்தது.

சாணத்தைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவேன் என்று மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

11 செப்டம்பர்

இன்று தாய் தகப்பன் பாடம். பெட்டை மானின் அட்டையில் எல்லாம் இருக்கிறது. தாய் எது, தகப்பன் எது, பிறந்தது வலப்பனைப் பக்கம், பிறந்த மாசம்கூட. சிவப்பு மையில் ஒரு முத்திரையும்.

நம் பிரஜாவுரிமை மனு திரும்பி வந்ததே, தகப்பன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி இல்லையென்று. மானுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அது என்னை மேலும் கீழும் பார்த்தது. பார்க்கத்தானே செய்யும், அதற்கு உரிமை இருக்கிறது.

முள்ளம்பன்றிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. எவனோ ராகலையில் வலையில் பிடித்து வந்தது. என்ன எழுத என்று கேட்டேன். "தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுங்க. வெக்கமே இல்ல. இட்டுக்கட்டி எழுதுறதுதான் தப்பு," என்றார் மாஸ்டர்.

முள்ளம்பன்றியும் நானும் ஒரே சாதி என்று தெரிந்துகொண்டேன்.

14 செப்டம்பர்

பெரிய ஆமை அசையவில்லை. தூங்குகிறது என்றேன். சாயங்காலம் வரை அதையே சொன்னேன். ஐவி வந்து தொட்டுப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, "அக்கா, இது தூக்கம் இல்ல," என்றாள்.

16 செப்டம்பர்

நாளை ஞாயிறு, நுவரெலியாவிலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள், ஆமைப் பட்டி வெறுமையாக இருக்கக் கூடாது என்று துரையின் டிரைவர் வேறு ஆமை கொண்டுவந்து விட்டார். சின்னது. வந்ததும் எடை போட்டு அட்டையில் ஏற்றினேன். யாரும் சொல்லாமலே. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

18 செப்டம்பர்

தட்டின கையை வெட்டிப்போடலாம்.

மாஸ்டர் ஆமையின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "அழகம்மா, போன திங்கள் இது பன்னெண்டு றாத்தல். சனிக்கிழமை நாலு றாத்தல். அப்படி என்ன கவலை இந்த ஆமைக்கு?"

சின்னராசா கூண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தான்.

"அது வேறங்க. பெருசு போயிருச்சு. இது புதுசு."

"புதுசுக்குப் புது அட்டை இல்லையா? பழசு அட்டையில ஏன் எழுதினீங்க?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "ஒருத்தர் போனா அவரு பேர்ல அடுத்த ஆளு வேலை செய்யிறதுதானுங்களே வழக்கம்? நானே எங்க வீட்டுக்காரரு பேர்லதான் செய்யிறேன்."

சின்னராசாவின் சிரிப்பு நின்றது. உண்மைதானே, மைனா? நீங்கள் போன கிழமையே செல்லசாமி கணக்கப்பிள்ளை சொன்னார்: "பேர் மாத்துறதுன்னா கந்தோர்ல ஆபீஸ் புத்தகத்தையே மாத்தணும், பெரிய வேலை. அவரு பேர்லயே ஓடட்டும்மா." சரியென்றேன். மாசச் சம்பளத்துக்கு ஆண்டியப்பன் என்று கூப்பிடுகிறார், நான் போய் நிற்கிறேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடிக்கும். யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

மாஸ்டர் அட்டையை என்னிடம் நீட்டினார். "இங்க அப்படிச் செய்யக் கூடாதும்மா. பழைய அட்டையை முடிக்கணும். எப்ப, எதால, கடைசியா என்ன தின்னுச்சு. எழுதிக் கையெழுத்துப் போடணும்."

எழுதினேன். வாங்கிப் பார்த்தார்.

"போயிட்டாருன்னு எழுதியிருக்கீங்க. எங்க போனாரு? வேலி தாண்டியா? வித்துட்டாங்களா? வேற தோட்டத்துக்கா?"

"இல்லைங்க... போயிட்டாரு."

"அந்த ஒரு சொல்லை எழுத வரலேன்னா நீங்க தேறினீங்கன்னு நான் எப்படிச் சொல்ல?"

20 செப்டம்பர்

சின்னராசா நல்லவன். "மதினி, நான் எழுதிடுறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க," என்றான். ஐவிதான் விடவில்லை. "எனக்குத் தினமும் மீன் சாகுது. நான் என்ன ஒவ்வொண்ணுக்கும் எட்டாம் நாள் பூசை வச்சிட்டா எழுதுறேன்? எழுதுங்கக்கா."

எழுதவில்லை. ஓர் ஆமைக்கு முன்னால் இவ்வளவு வீம்பு. நீங்கள் பார்த்திருந்தால் ஒரு கிழமை பேச விஷயம் கிடைத்திருக்கும்.

21 செப்டம்பர்

புது ஆமையும் தின்னவில்லை. மூக்கில் நுரை.

மாஸ்டர் கேட்டார்: "பெருசுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா? எத்தனை நாளாத் தின்னாம இருந்துச்சு? எங்க படுத்துக் கெடந்துச்சு?" என் அட்டையைத் திருப்பினால் அதில் புது ஆமையின் எடை. பழையது கடைசி நாட்களில் எப்படி இருந்தது என்று ஒரு சொல் இல்லை. எனக்குத் தெரியும் மைனா, எல்லாம் தெரியும், தலைக்குள்ளே இருக்கு. எழுதத்தான் இல்ல. எழுதினா முடிஞ்சு போயிரும்னு. என்ன பொம்பள நான்? அது ஆமை. ஆமைக்கு யார் துக்கம் காக்கச் சொன்னா?

22 செப்டம்பர்

புது அட்டை ஒன்று வாங்கி, சின்ன ஆமையை அதில் ஏற்றினேன். பிறகு பழையதை எடுத்தேன். செத்தது என்று எழுதினேன். கீழே ஞாபகம் இருந்ததெல்லாம் எழுதினேன். சாவதற்கு முன் மூக்கு ஒழுகியது. கண் ஒட்டியிருந்தது. மழைத் தண்ணீர் வடிகிற மூலையிலேயே கிடந்தது. கடைசியாகப் பூசணிக்காய், ஒரு துண்டு, பாதி மிச்சம்.

மாஸ்டர் படித்துவிட்டு நேரே பட்டிக்குப் போனார். மூலையைத் தொட்டுப் பார்த்தார். சொதசொதவென்று ஈரம். "இந்தக் குளிரு ஆமைக்கு ஒத்துக்காது. ஈரமும் சேந்தா நெஞ்சுல சளி கட்டிரும்," என்றார். சின்ன ஆமையை மரப்பெட்டியில் சாக்கு விரித்து வைத்தோம். பக்கத்தில் லாம்பு. சின்னராசா தன் கம்பளியைக் கொண்டுவந்தான். "ஆமைக்கு மாப்பிள்ளை யோகம்," என்றான்.

25 செப்டம்பர்

பப்பாளி தின்றது. கால் பங்கு மிச்சம். முழுப்பேர் என்று எழுதப் போன கையை அடக்கிக்கொண்டேன்.

29 செப்டம்பர்

தேறிவிட்டேன். மூன்று பேரும். மாஸ்டர் துரையிடம் என் பெயரைச் சொன்னார். துரை சம்பளப் புத்தகத்தைப் பார்த்து, அழகம்மா என்று இங்கே யாரும் இல்லையே, மான் பட்டிக்கு ஆண்டியப்பன்தானே என்றாராம். வேலையையும் அறையையும் புத்தகத்தில் இருக்கிற ஆளுக்குத்தான் கொடுக்க முடியுமாம்.

மாஸ்டர் திங்கட்கிழமை வட்டகொடையில் ரயில் ஏறுகிறார். "நீங்களேதான் கந்தோருக்குப் போகணும்மா," என்றார்.

2 அக்டோபர், திங்கள்

போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு.

செல்லசாமி கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. எதுக்கும்மா இப்ப கிளறுறே?"

"அவரு பேரை வெட்டிட்டு என் பேரைப் போடுங்கய்யா."

"என்ன காரணம்னு எழுத?"

"செத்துட்டாருன்னு எழுதுங்க."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். சத்தமாக வந்துவிட்டது. வெளியே நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பேனாவை மையில் தோய்த்தார். என் பிறந்த தேதி கேட்டார்.

"தெரியாதுன்னு எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுதலாமா?"

"எழுதலாம்யா. படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

உங்கள் பெயர் மேல் ஒரு கோடு. நேர்க்கோடு. கீழே என் பெயர், மான் பட்டி என்று. அறை நமக்குத்தான். எனக்குத்தான்.

வீட்டுக்கு வந்து உங்களுக்கும் ஓர் அட்டை எழுத உட்கார்ந்தேன். முறையாக முடிக்கலாம் என்று. பெயர் எழுதினேன். தேதி எழுதினேன். காரணம், நெஞ்சு வலி, மான் பட்டி வேலி ஓரம். நான் பீலித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாகத் தின்றது என்ற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. காலையில் ரொட்டி கட்டிக் கொடுத்தேன், தேங்காய் போட்டது. வந்து பார்த்தபோது டப்பா திறந்து, காலியாகக் கிடந்தது. மான் வேலிப் பக்கம் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தது.

மைனா, அந்த ரொட்டியை நீங்க தின்னீங்களா, மானுக்குப் போட்டுட்டீங்களா?