வருமானக் காப்பீடும் வீட்டுக்காரரின் கையெழுத்தும்

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். காற்றே இல்லை. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியது போல் இருக்கிறது. சனிக்கிழமை உப்பு கம்பெனியில் மூட்டை ஏற்றும் மேடையில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு. ஆறு வாரம் வேலைக்குப் போகக் கூடாது. பாக்கெட் போடுகிறவளுக்குப் போகாத நாளில் சம்பளம் இல்லை.

நல்ல வேளை. போன வருஷம் மகளிர் குழு ஜெயந்தி விடாப்பிடியாக ஒரு பாலிசி எடுக்கவைத்தாள். உடம்பு முடியாமல் வீட்டில் இருந்தால் சம்பளத்தில் ஒரு பகுதி தருவார்களாம். அன்று திட்டினேன். இன்று காபி கொடுத்தேன். போட்டது என் வீட்டுக்காரர்.

அனுப்ப: எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு, கம்பெனி கடிதம், ஆதார் நகல், பேங்க் புக் நகல்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அவர் விடியுமுன் எழுந்து துணி துவைக்கிறார். பாத்திரம் தேய்க்கும்போது கதவைச் சாத்திக்கொள்கிறார். அவர் வண்டி போடும் லோடு ஆட்டோ ஸ்டாண்டில் யாருக்கும் தெரியக் கூடாதாம். எனக்குத் தலை பின்னிவிட்டார். சரக்குக்குத் தார்ப்பாய் கட்டுகிற இறுக்கம். புருவம் மேலே ஏறிவிட்டது. மீன் குழம்பில் புளி அதிகம். இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் ஆஸ்பத்திரி, கட்டைக் காட்ட. அந்த நேரம் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்திருக்கிறார். வீடு பூட்டியிருக்கவே பக்கத்து வீட்டு செல்வியைக் கேட்டிருக்கிறார். என் மேல் உள்ள பாசத்தில் அவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். என்னிடமே பெருமையாகச் சொன்னாள்:

"அமலாக்கா சும்மா குந்துற ஆளான்னு கேட்டேன்கா. ஒத்தக் கையிலயே எல்லாம் பாக்குது, விடியறதுக்குள்ள துணி காயுது பாருங்க சார்னு கொடியக் காமிச்சேன்."

கொடியைப் போட்டோவும் எடுத்தாராம். இனி பணம் வந்த மாதிரிதான். அவளை என்ன சொல்ல?

ஆகஸ்ட் 20, புதன்

மேகம் மட்டும். மழை இல்லை. கடிதம் வந்தது. வீட்டு வேலை முழுவதும் நான் செய்வதாகத் தெரிகிறதாம், வேலைக்குப் போக முடியாது என்பதற்கு விளக்கம் வேண்டுமாம்.

ஜெயந்தி படித்துப் பார்த்தாள். வேலையை உண்மையில் யார் செய்கிறாரோ அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவு இல்லாத இரண்டு பேர் சாட்சி போட வேண்டும் என்றாள். அவர் மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய் ஆட்டோவைக் கழுவினார். காலையில்தான் கழுவியது.

நான் வற்புறுத்தவில்லை. பணம் வராவிட்டால் எங்கள் பெண்ணின் நர்சிங் படிப்பு நிற்கும். அது அவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுதிவிட்டார். அரைப் பக்கம். சமையல், துணி, பாத்திரம், பெருக்குவது, மனைவிக்குத் தலை பின்னுவது, அனைத்தும் நானே. தலை பின்னுவதை விட்டுவிடலாமே என்றேன். எழுதுவதென்று ஆன பிறகு முழுசாக இருக்கட்டும் என்றார்.

சாட்சிக்கு ஸ்டாண்டிலிருந்து மணியையும் தாஸையும் அவரே கூட்டிவந்தார். தாஸ் படித்துவிட்டு இருமினார். மணி இரண்டு தடவை படித்தார்.

"இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு இருந்த? நான் ஆறு வருஷமா பாத்திரம் தேய்க்கிறேன்பா. உங்கிட்ட சொன்னனா?"

தாஸ், தானும் சப்பாத்தி போடுவதாக மெதுவாகச் சொன்னார். கையெழுத்து ஆயிற்று. அப்புறம் அரை மணி நேரம் மூன்று பேரும் சட்டையில் மீன் வாடை போக என்ன செய்வது என்று பேசினார்கள். எனக்கு ஒரு டீ தர யாருக்கும் தோன்றவில்லை.

செப்டம்பர் 3, புதன்

கிளெய்ம் பாஸ். மெசேஜ் வந்தது. அவரை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஜெயந்தி லட்டோடு வந்தாள்.

அவரும் ஒரு பாலிசி எடுக்கிறேன் என்றார். ஜெயந்தி ஃபாரத்தில் தொழில் என்ற இடத்தில் டிரைவர் என்று எழுதினாள்.

"வீட்டு வேலையையும் சேத்துப் போடும்மா. நான் படுத்துட்டா அத யாரு செய்றது?"

அதெல்லாம் சேராது, சம்பளம் வருகிற வேலைதான் கணக்கு என்றாள். அப்படியானால் இந்த ஒரு மாதம் தான் செய்தது வேலை இல்லையா என்று கேட்டார். நிஜமாகவே கோபம்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி. ஜெயந்தி என்னைப் பார்த்தாள். என் வாயில் லட்டு.